வண்டிக்கு எஃப்.சி. காட்டிய கதை

உங்க வீட்டுல மஞ்சள் நம்பர் பிளேட் வண்டி ஏதாவது இருக்கா? இல்லேன்னா இதுல பாதி விஷயம் உங்களுக்குப் புதுசா இருக்கும். இருந்தா, "எஃப்.சி. எப்போ முடியுது?"ன்னு யாராவது கேட்டதும் உங்க அப்பா முகம் எப்படி மாறும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. சொந்த உபயோகத்துக்கு வாங்குற வெள்ளை போர்டு காருக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அதுக்கு அப்புறம்தான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டு போய்க் காட்டி, அஞ்சு அஞ்சு வருஷமாப் புதுப்பிக்கணும். அதனால உங்கள்ல நிறைய பேர் எஃப்.சி.ன்னு ஒண்ணைப் பார்த்திருக்கவே மாட்டீங்க. வாடகைக்கு ஓடுற டி போர்டு வண்டி அப்படி இல்லை. 8 வருஷம் ஆகுற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, 8 தாண்டிட்டா வருஷா வருஷம் தகுதிச் சான்று வாங்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 56-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. எஃப்.சி. இல்லாத வாடகை வண்டி, பதிவே செய்யாத வண்டி மாதிரின்னு அது சொல்லுது. அதாவது கையில ஆர்.சி. இருந்தும் இல்லாத மாதிரி. செக்கிங்ல பிடிச்சா அபராதம், ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல இழுபறி.

எங்க வண்டி 2012 மாடல் இண்டிகா, டீசல். மீட்டர்ல 3 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டர். அதுக்கு முந்தி கொஞ்ச நாள் மீட்டர் ஓடவே இல்லைன்னு அப்பா சொல்வார், அதனால அந்தக் கணக்கும் நிச்சயமில்லை. நான் ஸ்கூல் ஃபீஸ் கட்டினது, ஹாஸ்டல் ஃபீஸ் கட்டினது எல்லாம் அந்த வண்டி ஓடித்தான். அதோட எஃப்.சி. போன ஜூன் 11-ம் தேதி முடியறதா இருந்துச்சு.

ஜூன்னா எங்க பக்கம் என்ன அர்த்தம்னு திருநெல்வேலி, தென்காசி நண்பர்களைக் கேளுங்க. குற்றால சீசன். தென்மேற்குப் பருவமழை கேரளாவுல இறங்கினதும் மலைக்கு இந்தப் பக்கம் சாரல் அடிக்க ஆரம்பிக்கும், அருவியில தண்ணி விழும். ஸ்டாண்ட்ல நிக்கிற எல்லா வண்டிக்கும் அந்த ரெண்டு மூணு மாசம்தான் அறுவடை. போதாததுக்கு வைகாசி முகூர்த்தம் வேற. இந்த நேரத்துல வண்டி ஒரு நாள் சும்மா நின்னாலும் அந்த நஷ்டம் நவம்பர் வரைக்கும் வீட்டுல பேச்சா இருக்கும்.

எல்லா வருஷமும் அப்பா புரோக்கர்கிட்ட வண்டியைக் கொடுத்துருவார். அவர் பெயிண்ட் டச்சிங் பண்ணி, பேப்பரை எல்லாம் அடுக்கி, காட்டிட்டு வந்து சாவியைக் கொடுப்பார். இந்த வருஷம் நான்தான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கல. ஆறாவது செமஸ்டர்ல ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் பேப்பர் எழுதியிருந்தேன். "எதுக்குப்பா புரோக்கர்? எல்லாம் ஆன்லைன்ல இருக்கு, நானே பண்றேன்"னு சொன்னேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். வேண்டாம்னு சொல்லல. "பேப்பர் வேலை மட்டும் இல்லலே. வண்டி வேலையும் இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பாரு"ன்னார்.

பேப்பர் வேலை உண்மையிலேயே சுலபம்தான். பரிவாகன் தளத்துல விண்ணப்பம், கட்டணம், தேதி. இன்சூரன்ஸ், வரி ரசீது, பசுமை வரி, புகைச் சான்று எல்லாம் ஒரு ஃபைல்ல. ஜூன் 7-ம் தேதி கிடைச்சது. நான் உடனே ஒரு எக்செல் ஷீட் போட்டேன். வரிசையா பிரேக், ஸ்டியரிங், லைட், ஹாரன், வைப்பர், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், முதலுதவிப் பெட்டி, டயர், பெயிண்ட். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல எவ்வளவு செலவுன்னு ஒரு கட்டம். முடிஞ்சா பச்சை, இல்லேன்னா சிவப்பு. பட்டறையில அண்ணாச்சிகிட்ட போனைக் காட்டினேன். கையில கிரீஸ் இருந்ததால தொடாம குனிஞ்சு பார்த்துட்டு, "நல்லாருக்கு தம்பி. வண்டி இதைப் படிக்குமா?"ன்னு கேட்டார்.

புகை பற்றி எனக்குப் பயம் இருந்துச்சு. டீசல் வண்டியில நியூட்ரல்ல வச்சு ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு, வர்ற புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்குதுன்னு அளப்பாங்க. எங்க வண்டி பி.எஸ்.-3, அதுக்கு 65 எச்.எஸ்.யு. வரைக்கும் அனுமதி. பி.எஸ்.-4-ன்னா 50 தான். ஏர் ஃபில்டர் மாத்தி, எஞ்சினை நல்லா சூடு பண்ணிக் கொண்டு போனோம், பாஸ். ஷீட்ல பச்சை.

அப்புறம் பிரேக்.

இடது பின் வீலைக் கழற்றி டிரம்மைத் தட்டி எடுத்தார் அண்ணாச்சி. உள்ளே எல்லாம் ஈரம். வீல் சிலிண்டர் கசிஞ்சு, பிரேக் ஆயில் லைனர் முழுக்க ஊறியிருந்துச்சு. பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர்ல உண்டாகுற அழுத்தம் ஆயில் வழியா நாலு வீலுக்கும் ஒரே அளவுல போகும், பாஸ்கல் விதி. இதைப் பரீட்சையில படம் போட்டு எழுதி மார்க் வாங்கியிருக்கேன். ஆனா அந்த ஆயில் விரல்ல வழவழன்னு ஒட்டும்னோ, பெயிண்ட்ல பட்டா பெயிண்ட்டையே உரிச்சிரும்னோ எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

"சிலிண்டரையும் மாத்திருவோம், ஷூவையும் மாத்திருவோம். ரெண்டு பக்கமும்"னார் அண்ணாச்சி.

என் ஷீட்ல பிரேக்குக்கு நான் போட்டிருந்த தொகை சிலிண்டரோட தீர்ந்துபோச்சு. லைனர் கனம் நல்லாத்தான் இருந்துச்சு, தேயல. "பெட்ரோல்ல கழுவி எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சா போதாதா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன்.

"கழுவலாம். மேல இருக்கது போகும். உள்ள ஊறினது சூடு ஏறும்போது வெளிய வரும் தம்பி."

"எஃப்.சி. முடியட்டும், சீசன் காசு வந்ததும் மாத்திரலாம்."

அப்பா அன்னைக்கு மதுரை ஏர்போர்ட் டிராப்புக்கு இன்னொருத்தர் வண்டியை எடுத்துட்டுப் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. அண்ணாச்சி தோளைக் குலுக்கினார். நானே உட்கார்ந்து கழுவினேன், நானே தேய்ச்சேன், காய வச்சு மாட்டினோம். ஹேண்ட் பிரேக் கேபிளை இழுத்து இறுக்கினதும் லீவர் நாலாவது பல்லுல கல்லு மாதிரி நின்னுச்சு. பச்சை.

டயருக்கு மட்டும் நான் எதுவும் செய்யல. முன்னாடி ரெண்டும் பரவாயில்லை, பின்னாடி ரெண்டும் மொட்டை. டயரோட பள்ளத்துக்குள்ள குறுக்கே சின்னச் சின்ன மேடு இருக்கும், பார்த்திருக்கீங்களா? டிரெட் தேஞ்சு அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துட்டா 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம்னு அர்த்தம். காருக்குச் சட்டப்படி அதுக்குக் கீழே போகக்கூடாது. என் வெர்னியர் காலிப்பரோட வாலை விட்டு அளந்தேன். ஒண்ணு 1.1, இன்னொண்ணு 0.9. அப்பாகிட்ட காட்டினேன். அவர் அளவைப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் ஸ்டாண்ட்ல இருக்கிற ஒரு மாமா வண்டியிலேருந்து ரெண்டு டயர் வந்து இறங்குச்சு. அதே மாடல், போன தீபாவளிக்குப் போட்ட டயர். அவர் வண்டி டிங்கரிங்ல நின்னதால டயர் சும்மா இருந்துச்சு. எஃப்.சி.க்கு டயர் மாத்தி மாட்டுறது எங்க ஸ்டாண்ட்ல புதுசு இல்லை. பத்து நிமிஷம் வாதாடினேன். அப்புறம் வீல் ஸ்பேனரைப் பிடிச்சதும் நான்தான். ஷீட்ல டயருக்கு எதிர்ல "ஓகே"ன்னு அடிச்சேன்.

ஜூன் 7. காலையில ஏழு மணிக்கே மைதானத்துல வரிசை. ஸ்கூல் வேன், ஷேர் ஆட்டோ, மினி லாரி, செங்கல் ஏத்துற டிராக்டர் டிரெய்லர். எல்லா வண்டியும் புதுப் பெயிண்ட் வாசனையோட கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி நிக்குது. சிலதுல பெயிண்ட் இன்னும் ஒட்டுது. எனக்குப் பிடிச்ச வேலை ஒண்ணு அங்கதான் நடந்துச்சு. சேஸ் நம்பர் மேல ஒரு வெள்ளைத் தாளை வச்சு, பென்சிலைச் சாய்ச்சுத் தேய்க்கணும். சின்ன வயசுல காசு மேல தாளை வச்சுத் தேய்ப்போமே, அதேதான். கரி படியப் படிய ஒவ்வொரு எழுத்தா மேல எழும்பி வருது. என் வயசுல பாதிக்கு மேல எங்களோட இருந்த வண்டிக்கு இப்படி ஒரு நம்பர் இருக்குன்னே அதுவரைக்கும் நான் யோசிச்சதில்லை.

புரோக்கர் அண்ணன் இன்னொரு வண்டியோட வந்திருந்தார். நாங்க அவரைக் கழட்டி விட்டதுக்குக் கோபமா இருப்பார்னு பார்த்தா, என் ஃபைலை வாங்கிப் புரட்டிட்டு, "இன்சூரன்ஸ் காப்பி மேல வை, அதைத்தான் முதல்ல கேப்பாங்க"ன்னு வரிசையை மாத்திக் கொடுத்துட்டுப் போனார். புரோக்கர்னாலே வில்லன்னு நினைச்சுட்டுப் போனவன் நான். அந்த ஆளுக்குத் தெரிஞ்சது எந்த வெப்சைட்லயும் இல்லை, அதுவும் உண்மை.

ஆய்வாளர் வந்தார். டிம், பிரைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன். டயரைக் காலால ஒரு தட்டு. என் நெஞ்சு ஒரு தடவை நின்னு அடிச்சுது. அவர் எதுவும் சொல்லல. அப்புறம் அப்பாவை மைதானத்துல ஓட்டச் சொல்லி, பக்கத்து சீட்ல ஏறிக்கிட்டார். கொஞ்ச தூரம் போனதும், வண்டி உருண்டுகிட்டு இருக்கும்போதே ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொல்லியிருக்கார். தூசி பறந்துச்சு. வண்டி ஒரு மாதிரி வலது பக்கமா முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னுச்சு.

இறங்கி, பின்னாடி நடந்து வந்து தரையைக் காட்டினார். என்னைத்தான் கூப்பிட்டார், கையில ஃபைல் இருந்ததால.

"தம்பி, இங்க எத்தனை கோடு இருக்கு?"

செம்மண்ல ஒரே ஒரு இழுவைக் கோடு. வலது வீல் பூட்டிக்கிட்டுத் தேய்ச்ச கோடு. இடது பக்கம் சும்மா உருண்டு போன டயர் தடம்.

"ஒண்ணு, சார்."

"பின் வீல் எத்தனை?"

நான் பதில் சொல்லல. அவரும் கோபப்படல. "லைனர்ல ஆயில் இருக்கும். சரி பண்ணிக் கொண்டாங்க"ன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டார். நான் பட்டறையில ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பண்ண வேலைக்கு அவர் எடுத்துக்கிட்டது ஒரு நிமிஷம்.

அடுத்த தேதி 13. இடையில 11-ம் தேதி எஃப்.சி. முடிஞ்சுபோச்சு. 12-ம் தேதி திருச்செந்தூர்ல ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் வாடகை பேசி வச்சிருந்தார் அப்பா. "வண்டி வேலையில இருக்குண்ணே"ன்னு போன்ல சொல்லி அதை வேற வண்டிக்குக் கைமாத்தி விட்டார். ஷூ மாத்தாம நான் மிச்சம் பிடிச்ச பணத்தைப் போல அது பல மடங்கு. வீட்டுல யாரும் என்னைத் திட்டல. அம்மா மட்டும் சோறு போடும்போது, "சீட்டுப் பணம் இந்த மாசம் தள்ளித்தான் கட்டணும்"னு பொதுவா, சுவரைப் பார்த்துச் சொன்னாங்க. திட்டியிருக்கலாம்.

அண்ணாச்சி மறுபடி டிரம்மைத் தட்டி எடுத்தார். பழைய லைனர் மேல விரலை வச்சு எனக்குக் காட்டினார். மினுமினுன்னு ஒரு படலம். "நான் சொன்னேன்ல"ன்னு அவர் சொல்லல, "ஸ்பிரிங்கைப் பிடி"ன்னார். ரெண்டு பக்கமும் புது ஷூ. முதல்ல ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரி பண்ணணும், அதுக்கு அப்புறம்தான் கேபிளைத் தொடணும். போன தடவை நான் தலைகீழா, கேபிளை இழுத்தே லீவரை டைட் பண்ணியிருந்தேன். லீவர் கையில இறுக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான். வீல்ல ஒண்ணும் இல்லை.

13-ம் தேதி மைதானத்துல நான் தரையை மட்டும்தான் பார்த்துட்டு இருந்தேன். ரெண்டு கோடு. பக்கத்துப் பக்கத்துல, ஒரே நீளம். போட்டோ எடுத்து வச்சிருக்கேன், கேட்டா அனுப்புறேன்.

இனிமே இந்தச் சோதனையை எல்லாம் மிஷினே பார்க்கணும்னு மத்திய அரசு 2021-ல தானியங்கிப் பரிசோதனை நிலையங்களுக்கு விதிகள் அறிவிச்சிருக்கு. வண்டியை உருளை மேல ஏத்தி, பிரேக்கை மிதிச்சா இடது எவ்வளவு, வலது எவ்வளவுன்னு நம்பரே வந்துரும். என்னோட ஒத்தைக் கோட்டை அது கண்டிப்பாப் பிடிச்சிருக்கும். நல்லதுதான். ஆனா மிஷின் முன்னாடி நிக்கிற டயர் யாரோடதுன்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்?

ஏன்னா கதை 13-ம் தேதியோட முடியல. அன்னைக்குச் சாயங்காலமே மாமா வண்டி டிங்கரிங் முடிஞ்சு வந்துருச்சு. அவருக்கும் மறுநாள் சவாரி. டயரைத் திருப்பிக் கொடுக்கணும். எங்க மொட்டை டயர் ரெண்டும் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்துச்சு.

"அப்பா, இது 0.9 தான் இருக்கு. நாளைக்குக் குற்றாலம். ரோடு ஈரமா இருக்கும்"னு சொன்னேன். தண்ணி மேல டயர் மிதக்கும்னு, பள்ளம் வழியா தண்ணி வெளியேற வழி இல்லேன்னா ரப்பர் ரோட்டைத் தொடவே தொடாதுன்னு, பின் டயர் வழுக்கினா வண்டி சுத்திரும்னு, தெரிஞ்சதை எல்லாம் சொன்னேன். அவர் ஜாக்கியை வச்சுக்கிட்டே கேட்டார். முப்பது வருஷமா ஈர ரோட்டுல ஓட்டுறவர்கிட்ட நான் அதைச் சொல்லிட்டு இருந்தேன்.

"தெரியும்லே. மெதுவாத்தான் போவேன். சீசன் ஒரு பதினஞ்சு நாள் ஓடட்டும், போட்டுருவோம்."

"அதுவரைக்கும்?"

நிமிர்ந்து பார்த்தார். "நீ ஷூவுக்குப் பார்த்த கணக்குதான் இது"ன்னார். குத்திக் காட்டணும்னு சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னார். திருச்செந்தூர் வாடகை கையில இருந்திருந்தா ஒரு டயராவது வந்திருக்கும்னு அவர் வாயால சொல்லல. அதை நானே கூட்டிக் கழிச்சுப் பார்த்துக்கிட்டேன்.

நட்டை நான்தான் இறுக்கினேன். நட்சத்திரம் போடுற மாதிரி எதிர் எதிரா, புத்தகத்துல இருக்கிற மாதிரியே.

மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு சவாரிக்காரங்க வந்தாங்க. ஒரு குடும்பம், ரெண்டு குட்டிப் பசங்க, டவல் எல்லாம் கழுத்துல போட்டுக்கிட்டு ஒரே குஷி. புது எஃப்.சி. வண்டி, புதுப் பெயிண்ட். அந்தப் பெரியவர் வண்டியைச் சுத்தி வந்து பார்த்துட்டு, "வண்டி நல்லா வச்சிருக்கீங்களே"ன்னு அப்பாகிட்ட சொன்னார். சின்னவன் ஏற முடியாம நின்னான், நான்தான் தூக்கி உட்கார வச்சுக் கதவைச் சாத்தினேன். டயரைப் பற்றி நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா அப்பாவை அசிங்கப்படுத்தின மாதிரி ஆகும்னு தோணுச்சு. சொல்லாதது என்ன மாதிரின்னு அப்போ நான் யோசிக்கல, கார் தெருமுனை திரும்பினதுக்கு அப்புறம்தான் யோசிச்சேன்.

அன்னைக்கு நாலு தடவை அப்பாவுக்குப் போன் போட்டேன். மூணாவது தடவை, "என்னலே, சும்மா சும்மா?"ன்னார். "சும்மாதான்பா"ன்னேன். பின்னாடி தண்ணிச் சத்தம் கேட்டுச்சு, ஐந்தருவியில நின்னுட்டு இருந்தார். சாரல் நல்லா அடிக்குதுன்னு சந்தோஷமாச் சொன்னார்.

14-ம் தேதியிலேருந்து 28-ம் தேதி வரைக்கும் பதினோரு சவாரி. ஒண்ணும் ஆகல. 29-ம் தேதி பின்னாடி ரெண்டும் புது டயர் போட்டோம். காசுல பாதி சீசன் வருமானம், பாதி அப்பா ஸ்டாண்ட்ல கைமாத்து வாங்கினது. ஜூலையில இன்டர்ன்ஷிப் பணம் வந்ததும் அந்தக் கைமாத்தை நான் அடைச்சேன். கழட்டின டயரை அளந்தேன், ஒண்ணு 0.7, இன்னொண்ணு 0.6. இப்போ பக்கத்து வீட்டுப் பசங்க அதைக் குச்சியால தட்டித் தட்டித் தெருவுல உருட்டிட்டு இருக்காங்க.

அடுத்த வருஷத்துக்கு நான் வேலைக்குப் போயிருப்பேன், அப்பா மறுபடி புரோக்கர் அண்ணன்கிட்டதான் கொடுப்பார்னு நினைக்கிறேன். அந்த எக்செல் ஷீட்டை அண்ணாச்சி கேட்டார்னு அவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். அனுப்புறதுக்கு முன்னாடி டயர் வரிசையில இருந்த பச்சையை எடுத்துட்டேன்.